புது கம்ப்யூட்டர்: அசெம்பிள் போடலாமா, பிராண்டட் வாங்கலாமா? திருச்சி, ஸ்ரீரங்கம் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

காலேஜ் திறக்கப் போகிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. பொண்ணுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைத்துவிட்டது. வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் எடுக்கிறது. அப்பா காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய், தில்லைநகரில் இரண்டு கடை ஏறி இறங்குகிறார்.

முதல் கடையில், "அசெம்பிள் போட்டுடலாம் சார், அதான் சீப்" என்கிறார்கள். அடுத்த கடையில், "அசெம்பிள் எல்லாம் வேணாம் சார், கம்பெனி பீஸே எடுத்துக்குங்க" என்கிறார்கள். வீடு திரும்பினால் எதிர்வீட்டுப் பையன், "அங்கிள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனா இன்னும் குறையும்" என்கிறான்.

மூணு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், மூணு பேரும் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், எதை வாங்குவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சுருக்கமாக...

• அசெம்பிள் என்றாலே மலிவு என்ற கணக்கு, 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய பிறகு எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை.
• படிப்பு, ஆபீஸ் வேலை, பில்லிங் மட்டும் என்றால் பிராண்டட் அல்லது லேப்டாப் போதும்.
• கேம், வீடியோ எடிட்டிங், 3டி வேலை என்றால் அசெம்பிள்தான் கைகொடுக்கும்.
• 'புது ஐ7, பத்தாயிரம் ரூபாய்தான்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் முதலில் ஜெனரேஷனைக் கேளுங்கள்.
• எதை வாங்கினாலும் சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் கட்டாயம்.

பிராண்டட், அசெம்பிள்: என்ன வித்தியாசம்?

பிராண்டட் கம்ப்யூட்டரும் ஒருவகையில் அசெம்பிள் செய்யப்பட்டதுதான். புராசஸரை இன்டெல் அல்லது ஏஎம்டி தயாரிக்கிறது. ரேம், எஸ்எஸ்டி வேறு நிறுவனங்களில் இருந்து வருகின்றன. டெல், எச்பி, லெனோவா போன்ற நிறுவனங்கள் இவற்றைச் சேர்த்துத் தங்கள் பெயரில் விற்கின்றன. டெல் நிறுவனத்துக்கு ஸ்ரீபெரும்புதூரிலும், லெனோவாவுக்குப் புதுச்சேரியிலும் தொழிற்சாலைகள் உள்ளன.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? பிராண்டட் பெட்டிக்கு மொத்தமாக ஒரே நிறுவனம் வாரண்டி தருகிறது. எந்தப் பாகம் கெட்டாலும் ஒரே இடத்தில் புகார் செய்தால் போதும்.

அசெம்பிளில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு கம்பெனி, ஒவ்வொரு வாரண்டி. பொதுவாக மதர்போர்டுக்கு 3 ஆண்டுகள், எஸ்எஸ்டிக்கு 3 முதல் 5 ஆண்டுகள் வரை கிடைக்கும். பிராண்டட் டெஸ்க்டாப்புக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான் வாரண்டி. கூடுதல் ஆண்டுகளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதாவது, அசெம்பிளில் வாரண்டி காலம் அதிகம். ஆனால், அலைச்சலும் அதிகம்.

அசெம்பிள்தான் மலிவு என்பது இன்னும் உண்மையா?

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இது ஓரளவு உண்மை. 2025 கடைசியில் நிலைமை மாறியது. காரணம், ஏஐ.

உலகில் தயாராகும் ரேம் சிப்புகளில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான் தயாரிக்கின்றன. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் மலைபோலத் தேவைப்படுவதால், இந்த நிறுவனங்கள் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. விளைவு, வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ரேம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கு, சிலவற்றுக்கு அதற்கும் மேல் ஏறியது. எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது.

2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், தன்னுடைய 'க்ரூஷியல்' பிராண்ட் ரேம், எஸ்எஸ்டி சில்லறை விற்பனையில் இருந்து வெளியேறுவதாக அறிவித்தது. அசெம்பிள் செய்வோர் பல ஆண்டுகளாக நம்பி வாங்கிய பெயர் அது.

இது யாரை முதலில் பாதிக்கும்? சில்லறையில் ஒரே ஒரு ரேம் வாங்குபவரைத்தான். பெரிய நிறுவனங்கள் மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்குவதால் விலையேற்றம் அவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். அவர்களும் விலையை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அதனால், போன வருஷம் நண்பர் போட்ட எஸ்டிமேட்டை வைத்து இந்த வருஷம் முடிவெடுக்க முடியாது. ஒரே நாளில் இரண்டுக்கும் விலை கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது விண்டோஸ், கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எல்லாம் சேர்ந்த விலையா என்று பாருங்கள். பாதி எஸ்டிமேட்டில் விண்டோஸ் விலை இருக்காது.

முதலில் பழசைப் பாருங்கள்

புதுசு வாங்கும் முன் பழைய கம்ப்யூட்டரை ஒருமுறை சோதிப்பது நல்லது. மெதுவாக இருப்பதற்குப் பல வீடுகளில் காரணம், உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே ஆன் ஆகும் நேரம் நிமிஷத்தில் இருந்து நொடிக்கு இறங்கிவிடும்.

ஆனால், ஒரு சிக்கல். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் மேலும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் வரை தருவதாக அறிவித்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஓட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-வது ஜெனரேஷன் அல்லது அதற்குப் பிந்தைய புராசஸர் இருக்க வேண்டும்.

உங்கள் பழைய கம்ப்யூட்டர் 8-வது ஜெனரேஷனுக்கு மேல் என்றால், எஸ்எஸ்டியும் தேவைப்பட்டால் ஒரு ரேமும் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். அதற்குக் கீழ் என்றால் உபுண்டு போன்ற லினக்ஸ் போட்டு இணையம், டைப்பிங் வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இலவசம்தான்.

கல்லூரி மாணவர் இருக்கும் வீடு என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கும் திட்டம் தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. உங்கள் பிள்ளையின் கல்லூரிக்கு அது உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பிறகு பணத்தை எடுங்கள்.

யாருக்கு எது சரி?

பள்ளி, கல்லூரிப் படிப்பு, ஆன்லைன் கிளாஸ், ஆபீஸ் வேலை: 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 16 ஜிபி இருந்தால் நிம்மதி. 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். இதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். பிராண்டட் டெஸ்க்டாப் அல்லது லேப்டாப் எடுக்கலாம். ஹாஸ்டலில் தங்கும் பிள்ளைக்கு லேப்டாப்தான் சரி. டெஸ்க்டாப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வீட்டில் இருந்தே கடைக் கணக்கு, பில்லிங், ஜிஎஸ்டி ரிட்டர்ன்: இங்கே வேகத்தைவிட நம்பகத்தன்மை முக்கியம். கம்ப்யூட்டர் மூணு நாள் நின்றால் தொழிலே நின்றுவிடும். வீட்டுக்கே வந்து சரிசெய்யும் ஆன்சைட் வாரண்டியோடு பிராண்டட் எடுப்பது நல்லது.

கேம், வீடியோ எடிட்டிங், கட்டட வரைபடம், 3டி: அசெம்பிள். கொடுக்கும் பணம் எந்தப் பாகத்துக்குப் போக வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். இரண்டு வருஷம் கழித்து கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றலாம்.

கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் மாணவர்: அசெம்பிள் போடுவது அதுவே ஒரு பாடம். ஆனால் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாருமே இல்லையென்றால், கெட்டுப்போகும்போது கடைக்காரர் சொல்வதே முடிவு என்றாகிவிடும்.

'புது ஐ7... பத்தாயிரம்தான்': என்ன நடக்கிறது?

ஆன்லைனிலும் சில கடைகளிலும் அடிக்கடி கண்ணில் படும் விளம்பரம் இது. 'ஐ7 புராசஸர், 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, புத்தம் புதுசு'. விலையோ நம்ப முடியாத அளவுக்குக் குறைவு.

கேபினெட் புதுசுதான். கீபோர்டு, மவுஸ் புதுசுதான். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 2011, 2012-ல் வந்த 2-வது, 3-வது ஜெனரேஷன் ஐ7. வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களில் இருந்து எடுத்த சிப். அதைப் பொருத்தும் மதர்போர்டு, 'எச்61' என்ற பழைய வகையில் பெயர் தெரியாத கம்பெனி புதிதாகச் செய்தது. விண்டோஸ் 11 இதற்கு அதிகாரப்பூர்வமாக வராது.

ஏமாறாமல் இருப்பது சுலபம். புராசஸரின் முழு நம்பரைக் கேளுங்கள். 'ஐ7-3770' என்றால் 3-வது ஜெனரேஷன். 'ஐ5-12400' என்றால் 12-வது ஜெனரேஷன். கோடுக்குப் பிறகு வரும் முதல் ஒன்றோ இரண்டோ இலக்கம்தான் ஜெனரேஷன். 2022-ல் வந்த சாதாரண ஐ3-12100, பத்து வருஷம் பழைய ஐ7-3770-ஐவிட வேகமானது. பெயரில் இருக்கும் 3, 5, 7 மட்டும் வேகத்தைச் சொல்லாது.

பழசு என்று சொல்லியே விற்கும் ரீஃபர்பிஷ்டு கம்ப்யூட்டர் வேறு. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் போன்ற ஆபீஸ் மாடல்கள் உறுதியானவை. 8-வது ஜெனரேஷன் அல்லது அதற்கு மேல் என்றால், பட்ஜெட் குறைவாக இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. பழசை புதுசு என்று சொல்லி விற்பதுதான் பிரச்சினை.

அசெம்பிள் போடுறீங்களா? ஒவ்வொரு பாகமாகப் பார்ப்போம்

புராசஸர்: சீல் செய்த பெட்டியில் வருவது 'பாக்ஸ்', பெட்டி இல்லாமல் வருவது 'டிரே'. இன்டெல் பாக்ஸ் புராசஸருக்கு நிறுவனமே 3 ஆண்டு வாரண்டி தருகிறது. டிரேக்கு விற்றவர்தான் பொறுப்பு. விலை குறைவாக இருந்தால் இதைக் கேளுங்கள். இன்டெல் நம்பரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் படமே வராது.

மதர்போர்டு: எதிர்காலத்தில் என்ன மாற்ற முடியும் என்பதை இதுதான் தீர்மானிக்கும். ஏஎம்டியின் 'ஏஎம்5' சாக்கெட்டுக்கு 2027-ம் ஆண்டு வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு தருவதாக அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. பழைய 'ஏஎம்4' போர்டு விலை குறைவு. டிடிஆர்4 ரேம் போடலாம். வீட்டில் ஏற்கெனவே நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தால், ரேம் விலை ஏறியிருக்கும் இந்த நேரத்தில் அது பெரிய சேமிப்பு. ஆனால் டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 போர்டில் பொருந்தாது.

ரேம்: தேவைக்கு மேல் இப்போதே வாங்க வேண்டாம். போர்டில் ஒரு ஸ்லாட் காலியாக விட்டால் விலை இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி: 'என்விஎம்இ' வகை, பழைய 'சாட்டா' வகையைவிடப் பல மடங்கு வேகம். விண்டோஸ் போடும் டிரைவ் எஸ்எஸ்டியாகவே இருக்கட்டும்.

எஸ்எம்பிஎஸ்: பலர் அலட்சியமாக விடும் பாகம் இதுதான். 'கேபினெட்டோடயே எஸ்எம்பிஎஸ் வருது சார்' என்றால் உஷாராக இருங்கள். கரண்ட் ஏற்ற இறக்கத்தில் மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். '80 பிளஸ்' முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் எஸ்எம்பிஎஸ் தனியாக வாங்குங்கள். மொத்தச் செலவில் இது சின்னத் தொகைதான்.

மானிட்டர்: இதை மறந்துவிட்டு பட்ஜெட் போடுபவர்கள் அதிகம். ஒருமுறை நல்லதாக வாங்கினால் அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதுவே ஓடும்.

பொருத்தும்போது பக்கத்தில் இருப்பது நல்லது. சீல் உங்கள் கண்முன் உடையட்டும். முடிந்ததும் 'சிபியு-இசட்', 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இரண்டு இலவச ஆப்களை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதலாவது புராசஸர், ரேம் விவரத்தைக் காட்டும். இரண்டாவது, எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புது எஸ்எஸ்டியில் ஆயிரம் மணி நேரம் காட்டினால் அது புதுசு இல்லை.

பிராண்டட் வாங்குறீங்களா? இதைக் கேளுங்கள்

பிராண்டட் டெஸ்க்டாப்புகளிலும், முக்கியமாக சின்ன சைஸ் கேபினெட்களில், மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த நிறுவனத்துக்கென்றே தனி வடிவில் இருக்கும். வாரண்டி முடிந்த பிறகு எஸ்எம்பிஎஸ் போனால், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாமல் போகலாம்.

அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டியவை:

• ரேம் ஸ்லாட் எத்தனை, எத்தனை காலி?
• இன்னொரு எஸ்எஸ்டி போட இடம் உண்டா?
• கிராபிக்ஸ் கார்டு பின்னால் போட முடியுமா, எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்?
• ரேம் கூட்டினால் வாரண்டி போகுமா?
• வாரண்டி ஆன்சைட்டா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

'ஆல் இன் ஒன்' மாடல் மேஜையில் அழகாக இருக்கும், இடமும் குறைவு. ஆனால் மானிட்டர் கெட்டால் கம்ப்யூட்டரும் சேர்ந்து சர்வீஸுக்குப் போக வேண்டும். இட நெருக்கடி இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

விண்டோஸ் யார் தருவது?

பிராண்டட் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஒரிஜினல் விண்டோஸ் 11 சேர்ந்தே வரும். விலை குறைந்த சில மாடல்களில் 'டாஸ்' அல்லது 'உபுண்டு' என்று போட்டிருக்கும். அதில் விண்டோஸ் கிடையாது என்று அர்த்தம்.

அசெம்பிளில் விண்டோஸ் தனிச் செலவு. ஒரிஜினல் என்றால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். 'ஓஎஸ் நாங்களே போட்டுத் தர்றோம்' என்று கடையில் சொன்னால், லைசென்ஸ் உண்டா என்று கேளுங்கள். கிராக் செய்த விண்டோஸ் சட்டப்படி குற்றம் மட்டுமல்ல. அதை ஆக்டிவேட் செய்ய ஓட்டும் புரோகிராமுடன் வைரஸும் சேர்ந்து வரலாம். அதே கம்ப்யூட்டரில்தான் நாளைக்கு நெட் பேங்கிங் திறப்பீர்கள்.

தமிழில் டைப் செய்யத் தனி சாப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-லேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

'பில் வேணாம்னா குறைச்சுக்கலாம் சார்'

கம்ப்யூட்டருக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். 2025 செப்டம்பரில் பல பொருட்களுக்கு வரி குறைந்தபோதும் கம்ப்யூட்டருக்கு மாற்றம் இல்லை. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டருக்கு மட்டும் 28-ல் இருந்து 18 ஆகக் குறைந்தது.

உதாரணமாக, வரியோடு சேர்த்து ரூ.50,000 என்றால், அதில் வரி மட்டும் சுமார் ரூ.7,630. பில் போடாமல் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் இந்தப் பணம்தான் ஆசை காட்டுகிறது.

ஆனால் அந்த ஏழாயிரத்தோடு சேர்த்து வாரண்டியும் போய்விடும். ஒரு வருஷம் கழித்து மதர்போர்டு கெட்டால், எப்போது, எங்கே வாங்கினீர்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்காது. துண்டுச் சீட்டில் எழுதிய எஸ்டிமேட் பில் ஆகாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயர், மாடல், சீரியல் நம்பர், கடையின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். 'அசெம்பிள்டு கம்ப்யூட்டர் - 1' என்று ஒரே வரியில் போட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள். வாங்கிய அன்றே பில்லை போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பில் தாளின் மை சில மாதங்களில் மறைந்துபோகலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட் போகலாமா?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட், நாட்டின் பெரிய எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் ஒன்று. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்து இதைத்தான் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்திலேயே பல்லவன் ஏறி எழும்பூரில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். விதவிதமான பாகங்கள் கிடைக்கும், விலையும் பேசலாம்.

ஆனால் திருச்சியில் இருந்து சென்னை சுமார் 330 கிலோமீட்டர். போக வர டிக்கெட், சாப்பாடு, ஒருநாள் சம்பளம் எல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும். முக்கியமாக, பாகம் கெட்டால் திரும்ப அங்கேதான் போக வேண்டியிருக்கும். இரண்டாயிரம் மிச்சம் பிடித்தவர், ஒருமுறை வாரண்டிக்குப் போய் வந்தாலே அது தீர்ந்துவிடும்.

திருச்சியில் வாங்குவதிலும் கேட்க வேண்டியது உண்டு. மத்திய மாவட்டங்களுக்கு மையமான ஊர் என்பதால், முன்னணி பிராண்டட் நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர்கள் திருச்சியில் இருக்கின்றன. அசெம்பிள் பாகங்களில் சிலவற்றை மட்டும் வாரண்டிக்கு சென்னை அனுப்ப வேண்டிவரும். 'நீங்களே வாங்கி அனுப்புவீங்களா, நான் கூரியர் பண்ணணுமா, எத்தனை நாள் ஆகும், அதுவரைக்கும் மாத்து பாகம் தருவீங்களா?' இந்த நான்கு கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் கடையில், ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் வாங்கலாம்.

திருச்சி வெயிலும் கரண்டும்

இந்த ஊரில் கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி வெயில். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது திருச்சிக்குப் புதுசில்லை. அறையே சூடாக இருக்கும்போது புராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேபினெட்டைக் கதவு போட்ட கம்ப்யூட்டர் டேபிளுக்குள் அடைக்காதீர்கள். முன்னும் பின்னும் காற்று போக இடம் விடுங்கள். தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் வைத்தால் தூசியும் குறையும், வீடு துடைக்கும் தண்ணீரும் படாது. பின்பக்கம் திறந்திருக்கும் ஸ்லாட்களை மூடுங்கள். பல்லியும் எலியும் உள்ளே போய் ஷார்ட் ஆன கதைகள் உண்டு.

இரண்டாவது, எர்த். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதி போன்ற இடங்களில் பழைய வீடுகள் நிறைய. பல பழைய வீடுகளில் வயரிங்கும் பழசு. மூணு பின் சாக்கெட் இருக்கும். எர்த் வயர் எங்கேயும் இணைந்திருக்காது. கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இழுத்தால் அதுதான் காரணமாக இருக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள்.

மூன்றாவது, யுபிஎஸ். மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம் முன்கூட்டியே தெரிந்துவிடும். திடீரென்று போய் வரும் கரண்ட்தான் ஆபத்து. சாதாரண டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யுபிஎஸ், வேலையை சேவ் செய்து அணைக்கத் தேவையான நிமிடங்களைக் கொடுக்கும். கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டருக்கு அது தாங்காது, பெரியது வேண்டும். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் இந்தச் செலவு இல்லை.

கரண்ட் பில்லையும் பாருங்கள். மானிட்டரோடு 100 வாட் எடுக்கும் டெஸ்க்டாப்பை தினமும் 5 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். 400 வாட் எடுக்கும் கேமிங் கம்ப்யூட்டர் என்றால் 120 யூனிட். ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் 500 யூனிட் எல்லையைத் தாண்டினால் பில் கணக்கே மாறிவிடும்.

கடை கைவிரித்தால் என்ன செய்வது?

முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் ஆனாலும் சரி, மெயில் ஆனாலும் சரி. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பல புகார்கள் இந்த அளவிலேயே தீர்ந்துவிடும்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், திருச்சி ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. பிரச்சினை ஏற்பட்டதில் இருந்து 2 ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். 'இ-ஜாக்ரிதி' தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

அப்படியென்றால் ஸ்ரீரங்கத்து அப்பா என்ன செய்யலாம்?

முதல் வருஷ கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்புக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பொண்ணு தினமும் கல்லூரிக்கு எடுத்துப்போக வேண்டும் என்றால், 16 ஜிபி ரேம் உள்ள ஒரு லேப்டாப். வீட்டோடுதான் என்றால், காலி ரேம் ஸ்லாட் உள்ள ஒரு பிராண்டட் டெஸ்க்டாப். "நானே பார்ட் பார்ட்டா பாத்து போடறேன்பா" என்று பொண்ணே ஆசைப்பட்டால், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸோடு, சீரியல் நம்பர் போட்ட பில்லோடு ஓர் அசெம்பிள்.

மூன்றில் எதுவானாலும் கடையை விட்டு இறங்கும் முன் ஒரே ஒரு கேள்வி: "இது கெட்டுப்போனா நான் யார்கிட்ட வரணும்?" அதற்குப் பதில் பில்லில் எழுத்தாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.